ஒன்பதாவது ஆணி

லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பாதை ஆற்றை ஒட்டி வளைகிற இடத்தில் எங்கள் மரக்காலை இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கூரை, ஒரு மோட்டார், தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புச் சட்டங்களில் ஓடும் வண்டி, அதன் ஓரத்தில் ஆளின் இடுப்புயர வட்ட ரம்பம். ஆட்களும் இரண்டே பேர்தான். மரத்தை வண்டியில் ஏற்றி ரம்பத்துக்குள் தள்ளுவது நான். அறுபட்டு வருகிற பலகையைப் பின்பக்கம் நின்று வாங்குவது செல்லசாமி, என் அக்காவின் கணவர். ரம்பம் எதையாவது வீசினால் அது போகிற திசையில் அவர்தான் நிற்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வியாழக்கிழமை காலையில் அம்மாக்கண்ணு அக்கா ஒரு லொறியில் மரத்தோடு வந்து இறங்கினார். எட்டடி நீளம், இரண்டடித் தடிப்பு. யூகலிப்டஸ், எங்கள் பக்கத்தில் டர்பன்டைன் என்போம். அவர் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொன்பது வருடம் கொழுந்து எடுத்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டுப் புதிதாகக் கட்டிய தனிவீட்டுக்குப் போகப் போகிறார். பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. வீட்டில் எல்லாம் இருக்கிறது, முன்கதவு மட்டும் இல்லை.

"இந்த மரத்துலதான் கதவு செய்யணும் தம்பி" என்றார்.

"எங்க நின்ன மரம்க்கா?"

"நம்ம தோட்டத்து மேப்பிரிவு மடுவத்துக்கிட்ட நின்னதுதான். காத்துக்குச் சாஞ்சிருச்சுன்னு வெட்டிட்டாங்க. கேட்டேன், குடுத்தாங்க."

செல்லசாமி தலையில் கை வைத்தார். மடுவம் என்பது மலையில் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற கொட்டகை. அதன் அருகில் நிற்கிற மரத்தில் ஆணி இல்லாமல் இருக்காது. பத்து மணித் தேத்தண்ணிக்கு வேண்டிய போத்தலும் ரொட்டியும் பையில் போட்டு, வேலைக்கு இறங்குமுன் பெண்கள் அந்த மரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஆளுக்கொரு ஆணி. ஒருத்தியின் ஆணியில் இன்னொருத்தி மாட்டினால் அன்று முழுக்கப் பேச்சிருக்காது. காலப்போக்கில் மரம் பருத்து ஆணிகளை விழுங்கிவிடும். பட்டையும் வருடா வருடம் உரிந்து விழுவதால் வெளியே ஒரு தடயமும் தெரியாது.

"மூணு மரக்காலையில திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் அம்மாக்கண்ணு அக்கா. "நீயும் முடியாதுன்னா வெறகுக்குத்தான் போவும்."

செல்லசாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "மாப்ள, புது பிளேட்ட ஒறையிலருந்து எடுக்காத. பழசையே ஒருவாட்டி சாணை புடிச்சுப் போடு. ஆணியில அடிபட்டா படட்டும். எப்படியும் தூக்கிப் போடப் போறதுதானே."

அவர் சொன்னது நியாயமான யோசனை. மரம் அறுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆணி மரத்துக்குப் பழைய பிளேட், சுத்த மரத்துக்குப் புது பிளேட். கண்டியிலிருந்து வந்த புது பிளேட் ஒரு மாதமாக எண்ணெய்த் தாள் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. நான்தான் அதைப் போடுவதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

காரணம் பழைய பிளேட்தான். பதினெட்டு வருடத்துக்கு முன் நானும் செல்லசாமியும் கண்டியிலிருந்து அதைப் பஸ்ஸில் கொண்டுவந்தோம். கூரையில் போட்டால் வளைந்துவிடும் என்று சாக்கில் சுற்றி எங்கள் இருவர் முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கம் சாயும், நாங்கள் மறுபக்கம் சாய்வோம். நாவலப்பிட்டியில் ஏறிய ஒரு சிங்கள அம்மா அது என்ன வண்டிச் சக்கரமா என்று கேட்டார். ஆமாம் என்றார் செல்லசாமி. அப்போது அது முப்பத்தாறு அங்குல விட்டம். கடைசியாக அளந்தபோது முப்பத்துமூன்று. மிச்ச மூன்று அங்குலமும் என் சாணைக்கல்லில் தூளாகப் போயிருக்கிறது. எத்தனை தொட்டில், எத்தனை மேசை, லிந்துலைக் கோயில் தேரின் அடிப்பலகை, எல்லாம் அந்த மூன்று அங்குலத்தில் இருக்கிறது.

ஒரு பிளேட்டைத் தீட்டலாமா மாற்றலாமா என்பதை மனசு சொல்லக் கூடாது, பிளேட்டே சொல்லும். மூன்று இடத்தில் கேட்க வேண்டும்.

முதலில் பல். பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகக் கொஞ்சம் மடிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் அறுபடுகிற பாதை பிளேட்டின் தடிப்பை விட அகலமாக இருந்து, பிளேட் மரத்துக்குள் சிக்காமல் ஓடுகிறது. தீட்டத் தீட்ட மடிப்புக் குறையும், திரும்ப மடிக்க வேண்டும். ஒரு கம்பியை எத்தனை தடவை மடிக்கலாம்? அதே கதைதான் பல்லுக்கும். இரண்டாவது, பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள குழி. அறுக்கும்போது வருகிற மரத்தூளை வெளியே சுமந்துகொண்டு வருவது அந்தக் குழிதான். அது ஆழம் குறைந்தால் தூள் அடைத்து, பிளேட் சூடேறி, பாம்பு போல நெளியும். இந்த இரண்டையும் சாணைக்கல்லும் சுத்தியலும் வைத்துச் சரிசெய்துவிடலாம். என்னால் முடியும்.

மூன்றாவதுதான் சரிசெய்ய முடியாதது. வெடிப்பு.

பிளேட்டைக் கழற்றி நடு ஓட்டையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டினேன். நல்ல பிளேட் கோயில் மணி போல இழுத்து ஒலிக்கும். இது "டொக்" என்றது.

"கயிறு சரியில்ல" என்றார் செல்லசாமி.

வேறு கயிறு போட்டேன். அதே "டொக்".

பிறகு மண்ணெண்ணெய் எடுத்து ஒவ்வொரு குழியின் அடியிலும் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தேன். மேலே பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவினேன். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும். மேலே துடைத்தாலும் உள்ளே இருப்பது மெல்லக் கசிந்து வந்து சுண்ணப்பொடியை நனைக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, முடி விழுந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடாக எழுந்து வரும். இந்த வேலையை எத்தனை தடவை செய்திருந்தாலும் அந்தக் கோடு எழுகிறதைப் பார்க்க எனக்கு ஆசைதான். அன்று மட்டும் எழக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கோடுகள் எழுந்தன. ஒன்று சுண்டுவிரல் நகத்தின் நீளம்.

"முனையில ஒரு சின்னத் தொளை போட்டா வெடிப்பு அங்கயே நின்னுக்கும்ல" என்றார் செல்லசாமி. "போன தடவ அப்படித்தானே செஞ்ச."

"அது சும்மா மரத்துக்கு மச்சான். இது ஆணி மரம். ஆணியில மோதினா தொளை ஒண்ணும் புடிச்சு நிறுத்தாது. துண்டாப் போவும். நேரா நீங்கதான் நிக்கிறீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் வேணா கொஞ்சம் தள்ளி நிக்கிறேனே."

"தலவாக்கலையில போய் நின்னாலும் சரிவராது."

அம்மாக்கண்ணு அக்கா மரத்தின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப புதுசப் போடு தம்பி" என்றார்.

நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். புது பிளேட் ஆணியில் பட்டால் உடையாது, ஆனால் நாலைந்து பல் முனை போய்விடும். பற்கள் எல்லாம் ஒரே வட்டத்தில் இருந்தால்தான் ஒரே அளவாகக் கடிக்கும். ஆகையால் உடைந்த பல்லின் உயரத்துக்கு மற்ற எல்லாப் பல்லையும் அராவ வேண்டும். நாலு பல்லுக்காக நாற்பத்துநாலு பல் தேயும். பழைய பிளேட் இரண்டு வருடத்தில் இழந்ததைப் புதியது இரண்டு விநாடியில் இழந்துவிடும். ஆணி எங்கெங்கே இருக்கிறதென்று தெரிந்து, முதலில் உளியால் எடுத்துவிட்டால் மட்டுமே புதியதை ஓட்டலாம்.

"அதுக்கென்ன, எனக்குத் தெரியுமே" என்றார் அவர். "முப்பத்தஞ்சு வருசம் முன்னாடி அடிச்சதுதான். யார் யாரோடது எங்கன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

செல்லசாமி சிரித்தார். "முப்பத்தஞ்சு வருசத்துல மரம் எவ்ளோ வளந்திருக்கும். ஆணியெல்லாம் இப்ப உச்சியில காக்காக் கூட்டுக்கிட்ட இருக்கும் அக்கா."

அங்கேதான் அவர் தவறு செய்தார். மரம் நுனியில்தான் நீள்கிறது. அடிமரம் பருக்கும், உயராது. நெஞ்சு உயரத்தில் அடித்த ஆணி நூறு வருடமானாலும் நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். உள்ளே மட்டும் போகும். இதைச் சொன்னதும் செல்லசாமி, "அப்ப என்னையப் போலதான்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. டர்பன்டைன் மரத்தின் துவர்ப்பில் இரும்பு பட்டால் கருநீலச் சாயம் உண்டாகும். அது நார் போகிற வழியே மேலும் கீழும் ஊறும். மரத்தின் அடிவெட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே, ஒரு பக்கமாக, மைத்துளி விழுந்த மாதிரி நீலப் பொட்டுகள். எண்ணினேன். ஒன்பது.

"எட்டு" என்றார் அம்மாக்கண்ணு அக்கா.

"ஒம்பது இருக்கேக்கா."

"எட்டுதான். என்னோடது, என் நாத்தனாரோடது, சுலக்ஷனா அம்மாவோடது..." விரல் விட்டு எட்டு பேரைச் சொல்லி முடித்தார். "எட்டு."

சரி, முதலில் எட்டை எடுப்போம் என்றேன். பொட்டுகளைப் பார்த்தால் ஆணி எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பது தெரிகிறது. எவ்வளவு உயரம் என்பது மட்டும் தெரியாது. அதற்குத்தான் அக்கா வேண்டும். அவர் ஒரு சாக்கை விரித்து, மரத்தின் அடிவெட்டுக்கு நேராகப் பாதங்களை வைத்து, அதன் பக்கத்திலேயே நீட்டிப் படுத்துக்கொண்டார். மரம் நின்றபோது அவர் அருகில் நின்ற மாதிரி.

"என்னோடது தோளுக்கு நேரா" என்று படுத்தபடியே கையை நீட்டித் தொட்டுக் காட்டினார்.

தொட்ட இடத்தில் உளி வைத்து நாலு அங்குலம் தோண்டினேன். சிவந்த மரம்தான். நீலம் இருந்தது, ஆணி இல்லை.

"ஆளு சுருங்கிட்டீங்களோ அக்கா" என்றார் செல்லசாமி.

"நீ வாய மூடு."

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. மரத்தை வெட்டும்போது ஒன்றரை அடி அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டிருப்பார்கள். இந்த மரம் தரையிலிருந்து தொடங்கவில்லை. அக்காவை ஒன்றரை அடி கீழே தள்ளிப் படுக்கச் சொன்னேன். கால் மரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவர் மறுபடி தோளுக்கு நேராகத் தொட்டார். அங்கே தோண்டியதும் உளி "கிணுக்" என்றது. துருவேறிய மூன்றங்குல ஆணி.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பார்த்தியா" என்றார்.

மதியத்துக்குள் எட்டு ஆணியும் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அவர் படுத்துப் படுத்துச் சொன்னார். "நாத்தனா எனக்கு ஒரு சாண் கட்டை. அவளோடது இங்க." "சுலக்ஷனா அம்மா இடதுகைக்காரி. ஆணி கோணலா எறங்கியிருக்கும் பாரு." கோணலாகத்தான் இறங்கியிருந்தது. அந்தப் பெண்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் எட்டுப் பேரும் பையை மாட்டிவிட்டுக் கூடையைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறுவதை மரக்காலைக்குள்ளேயே பார்த்த மாதிரி இருந்தது.

ஒன்பதாவது பொட்டு மட்டும் அப்படியே மிஞ்சியிருந்தது.

"இது தெரியாம மோட்டாரப் போட மாட்டேன்க்கா" என்றேன். "கோடு தெரியுது. அந்தக் கோடு முழுக்கத் தோண்டினா எடுக்கலாம். ஆனா கதவுக்கு வேண்டிய அகலப் பலகை போயிரும்."

அவர் சாக்கிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். சேலையில் ஒட்டிய மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அது ஆணியா இல்ல" என்றார் கடைசியில். "அதுல ஒண்ணும் மாட்ட முடியாது. நான்தான் கல்லால அடிச்சு உள்ள எறக்கிட்டேன். அதான் கணக்குல சேக்கல."

"யாரோடது?"

"ஜீவராணின்னு ஒருத்தி. எனக்கு அடுத்த நெரை அவளுக்கு. ஒண்ணாத்தான் எடுப்போம், ஒண்ணாத்தான் எறங்குவோம். பூண்டுலோயாவுல கலியாணம் கட்டிக்கிட்டுப் போனா. போற அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகல. மறுநாள் காலையில அவ ஆணி மட்டும் சும்மா நிக்குது. எனக்கு வந்த கோவத்துல..." கையால் அடித்துக் காட்டினார்.

"அவங்க எவ்ளோ ஒசரம்?"

"கட்டை. என் காது வரைக்கும்தான் வருவா."

காதளவு ஆளுக்குத் தோளுயரம் எங்கே வரும் என்று கணக்குப் போட்டு, கோட்டில் அந்த இடத்தைக் குறித்துத் தோண்டினேன். இல்லை. ஒரு சாண் கீழே தோண்டினேன். அங்கும் இல்லை. இன்னும் ஒரு குழி தவறினால் பலகை வீண்.

"கேட்டுருங்களேன்" என்றார் செல்லசாமி. "நம்பர் இல்லையா?"

நம்பர் இருந்தது. அம்மாக்கண்ணு அக்காவின் மகள் எப்போதோ போனில் பதிந்து கொடுத்திருக்கிறார். அக்கா ஒரு தடவையும் அழைத்ததில்லை. சாவு வீடுகளில் பார்த்துக்கொண்டபோதும் இருவரும் பேசியதில்லை. அம்மாக்கண்ணு அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார், சுவரில் சாய்ந்திருந்த புது பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டி, "நீயே போடு. சத்தமா வையி" என்றார்.

நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"யாருங்க?"

"நான்தான். அம்மாக்கண்ணு."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் மூடுகிற சத்தம் கேட்டது.

"யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. மடுவத்து மரத்த அறுக்கிறோம். ஒன் ஆணி எங்கன்னு தெரியல."

"என் ஆணியா? அதத்தான் நீ கல்லால அடிச்சு உள்ள எறக்கிட்டியே."

அம்மாக்கண்ணு அக்காவின் முகம் மாறியது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"தோட்டமே சொல்லுச்சு. அந்த வாரமே சொல்லிட்டாங்க."

நான் மெல்ல, "ஒசரம் கேளுங்கக்கா" என்றேன்.

"எவ்ளோ ஒசரத்துல இருந்துச்சு? ஒன் தோளுக்கிட்ட பார்த்தாச்சு, அங்க இல்ல."

"என் தோளா?" ஜீவராணி சிரித்துவிட்டார். "எனக்கு எங்கடி எட்டுச்சு அது? அடிச்சது நீ. என் பையிலதான் கருவாடு இருக்கும், மடுவத்து நாய் எக்கும்னு, ஒன் கைய நல்லா மேல தூக்கி அடிச்ச. நான் வேர் மேல ஏறி எக்கிப் பார்த்தும் எட்டல. தெனம் நீதான மாட்டுவ. நீதான எடுத்துக் குடுப்ப."

"நானா?"

"வேற யாரு? பத்து மணிக்கு ஒன் கைய எதிர்பார்த்துக்கிட்டே நிப்பேன். நீ வேணும்னே ஊதி ஊதித் தேத்தண்ணி குடிச்சிட்டு அப்புறம்தான் எடுப்ப."

எட்டுப் பேரின் ஆணியையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்கு, தினமும் தானே கை தூக்கிய ஆணி நினைவில்லை. எட்டாதவருக்குத்தான் அது எங்கே இருந்ததென்று தெரிந்திருக்கிறது.

அம்மாக்கண்ணு அக்கா போனை மரத்தின் மேல் வைத்துவிட்டு மறுபடி சாக்கில் படுத்தார். கையைத் தலைக்கு மேலே நன்றாக நீட்டினார். மணிக்கட்டு வந்த இடத்தில், நீலக் கோட்டின் மேல் குறி போட்டேன். நாலு அங்குலம் இறங்கியதும் உளி "கிணுக்" என்றது. தலை நசுங்கி, உடல் வளைந்திருந்த ஆணி. கல்லால் ஒரு தடவை அடித்ததல்ல, பல தடவை அடித்தது.

போனில் ஜீவராணி கேட்டார்: "கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு" என்றார் அம்மாக்கண்ணு அக்கா, படுத்தபடியே. "ஏன்டி சொல்லாமப் போன?"

"வேன் விடியுமுன்னயே வந்திருச்சு. ஒன்ன எழுப்பினா நீ அழுவ. நீ அழுதா நான் எங்க போறது?"

நானும் செல்லசாமியும் புது பிளேட்டை எடுக்கப் போய்விட்டோம். எண்ணெய்த் தாளைப் பிரிக்க இருவர் தேவையில்லை. இருந்தாலும் இருவருமே பிரித்தோம்.

மாட்டி, மரை முடுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மோட்டாரைப் போட்டேன். புது பிளேட் மரத்துக்குள் போகிற சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பழையது அழுத்தினால்தான் போகும். இது தானே இழுத்துக்கொள்கிறது. ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. செல்லசாமி வாங்கி அடுக்கிய பலகைகளில் சிவப்பு நார்களுக்கு நடுவே கருநீலக் கோடுகள் ஓடியிருந்தன. அவற்றை இழைத்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் அக்கா.

பழைய பிளேட்டை லிந்துலைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த இரும்பு தரமானது. அறுத்தால் பதினைந்து சொரண்டியாவது வரும். தேயிலைக்கடியில் புல் சுரண்ட அதைவிட நல்லது கிடையாது. நடுத்துண்டை மட்டும், ஓட்டையோடு, செல்லசாமி வாங்கிக்கொண்டார். எதற்கென்று கேட்டதற்கு, "வண்டிச் சக்கரம்ல" என்றார்.

கதவு பொருத்தப் போன அன்று அம்மாக்கண்ணு அக்கா அந்த வளைந்த ஆணியைக் கொண்டுவந்தார். நிமிர்த்தித் தரச் சொன்னார். நிமிர்த்தினேன். கதவின் உட்பக்கம் அடிக்கச் சொல்லி ஓர் இடத்தைக் காட்டினார். அது எனக்கு ரொம்பத் தாழ்வாகப் பட்டது. பேரப்பிள்ளையின் புத்தகப் பைக்காக இருக்கும் என்று நினைத்து, சொன்ன இடத்திலேயே அடித்தேன்.

பால் காய்ச்சிய அன்று காலை பஸ்ஸில் ஒரு குட்டையான அம்மா வந்து இறங்கினார். கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நீலக் கோட்டை விரலால் தடவினார். உள்ளே வந்து கதவைச் சாத்தித் திரும்பியவர், தோளிலிருந்த பையைக் கழற்றி, நிமிர்ந்து பார்க்காமலே அந்த ஆணியில் மாட்டினார்.